சுவிட்சில் பிறக்கும் சத்தம்

வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் சொல்லும் குறைகள் அதிகமில்லை. ஹம் அடிக்கிறது. சத்தம் குறைந்துவிட்டது. ஒரு வால்வு எரியவில்லை. ஃபியூஸ் நிற்கவில்லை. கூலியெல்லாம் பேசி முடித்துப் படி இறங்கும்போதுதான் திரும்பி நின்று கடைசிக் குறையைச் சொல்வார்கள்: "இன்னொண்ணுங்க, ஆஃப் பண்ணும்போது ஸ்பீக்கர்ல டப்புன்னு ஒரு அடி அடிக்குது. அது பரவாயில்ல, நீங்க மத்ததப் பாருங்க."

எனக்கு அந்தப் 'பரவாயில்ல'தான் முதல் வேலை. சுவிட்சின் நிலைமை, உள்ளே வயர் ஓட்டியிருக்கிற லட்சணம், எர்த்தின் யோக்கியதை மூன்றையும் அந்த ஓர் அடியே சொல்லிவிடும். திருகாணி கழற்றுவதற்கு முன்பே பெட்டியைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது.

அவரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். ஆன் பண்ணும்போதா, ஆஃப் பண்ணும்போதா? வால்வு சூடேறிப் பாட ஆரம்பிக்கப் பத்துப் பதினைந்து விநாடி ஆகும். ஆன் பண்ணுகிற கணத்தில் சுவிட்சுக்குள் எவ்வளவு பெரிய பொறி பறந்தாலும் அதைக் கேட்டுப் பெருக்கிச் சொல்ல உள்ளே யாரும் விழித்திருக்கவில்லை. ஆஃப் பண்ணும்போது நிலைமை வேறு. வால்வுகள் நல்ல சூட்டில் இருக்கின்றன. ஃபில்டர் கண்டன்சர்களில் முந்நூறு நானூறு வோல்ட் நிற்கிறது. மெயின் கரண்ட் போன பிறகும் சில விநாடிகளுக்கு ஆம்ப்ளிஃபயர் முழு உயிரோடுதான் இருக்கிறது. அந்த நேரத்தில் சுவிட்சில் எழுகிற பொறியை அது பாட்டைப் போலவே மதித்துப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிட்டுத்தான் அடங்கும். ஆன் பண்ணின மாத்திரத்தில் டப் வருகிறது என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அந்தப் பெட்டியில் வால்வோடு டிரான்சிஸ்டரும் இருக்கிறது, அல்லது அவர் சொல்வது ஸ்டாண்ட்பை சுவிட்சை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

நான் தொழிலுக்கு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில், திருநெல்வேலிப் பக்கம் ஒரு மைக் செட் கடையில். கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம், சாவு எல்லாவற்றுக்கும் எங்கள் குழாய் ஸ்பீக்கர்தான் போகும். 6எல்6 ஜோடி போட்ட ஆம்ப்ளிஃபயர், சில பெட்டிகளில் 807. கரண்ட் எட்டாத ஊர்கள் அப்போது நிறைய. அங்கே லாரி பாட்டரியைத் தூக்கிக்கொண்டு போவோம். பன்னிரண்டு வோல்ட் பாட்டரியிலிருந்து வால்வுக்கு வேண்டிய முந்நூறு வோல்ட்டை எடுக்க உள்ளே வைப்ரேட்டர் என்று ஒரு சாமான் இருக்கும். தகர டப்பா மாதிரி, வால்வைப் போலவே சாக்கெட்டில் செருகுவது. உள்ளே ஒரு மெல்லிய எஃகு நாக்கு நொடிக்கு நூறு தடவைக்கு மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்து, பாட்டரி கரண்ட்டை வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்கும். நொடிக்கு நூறு தடவை ஆன், நூறு தடவை ஆஃப். சுவிட்ச் பொறியைப் படிக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை.

கடை முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். வைப்ரேட்டர் போன பெட்டி வந்தால் அவர் புது வைப்ரேட்டரை எடுத்து மேசையில் வைப்பார், பக்கத்திலேயே ஒரு கண்டன்சரையும் வைப்பார். டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் நிற்கிற பஃபர் கண்டன்சர், ஆயிரத்து அறுநூறு வோல்ட் தாங்குவது. பழசு மீட்டரில் நன்றாகத்தான் காட்டும்.

"நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி, இத எதுக்கு மாத்தணும்?"

"ஏல, அது சரியா இருந்திருந்தா வைப்ரேட்டர் எதுக்குல போவுது? ரெண்டையும் சேத்து மாத்து. இல்லன்னா அடுத்த கொடைக்குள்ள இதுவும் கருகிரும்."

வைப்ரேட்டரின் நாக்கு தொட்டுத் தொட்டு விடும் இடம்தான் பாயிண்ட். அது திறக்கும்போது டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஓடிக்கொண்டிருந்த கரண்ட் சட்டென்று நிற்காது. அதற்குப் போக ஓர் இடம் வேண்டும். கண்டன்சர் இருந்தால் அதில் போய் இறங்கும். இல்லாவிட்டால் திறந்த பாயிண்டின் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும். அந்தக் குதிப்புதான் பொறி. இதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கருகின பாயிண்டுகளில் பார்த்துவிட்டேன். எதிர்த்த கடை மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கும் இதே பாடத்தைத்தான் வேறு வண்டியில் படித்துக்கொண்டிருந்தார். புல்லட்டில் சிபி பாயிண்ட் அடிக்கடி கருகினால் அவர் பாயிண்டைத் திட்டமாட்டார், கண்டன்சரை மாற்றுவார். 1853இல் பிரான்ஸ் நாட்டு ஃபிசோ என்ற விஞ்ஞானி காயில் ஒன்றின் பாயிண்டுக்குக் குறுக்கே கண்டன்சரை வைத்துப் பொறியை அடக்கினார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். வானொலியே பிறக்காத காலம் அது.

ஒரு கொடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வில்லுப்பாட்டு. பாட்டுக்காரர் குரலுக்குப் பின்னால் 'கர்... கர்... கர்...' என்று அளவு தவறாத ஒரு சத்தம். மைக்கை மாற்றினோம், வால்வை மாற்றினோம், போகவில்லை. அண்ணாச்சி கையில் எப்போதும் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ இருக்கும், இலங்கை வானொலி கேட்பதற்கு. அதை மீடியம் வேவில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே சும்மா இருக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு பந்தலைச் சுற்றி நடந்தார். கோபுர வாசலில் மயில் தோகை விரிக்கிற சீரியல் லைட் போர்டு நின்றது. அந்தக் காலத்துச் சீரியல் செட்டில் ஓடுகிற விளக்குகளை ஓட்டியது ஓர் உருளை. மரத்தாலான உருளையில் செப்புத் தகடுகளை ஒட்டி, ஒரு மோட்டார் அதைச் சுற்ற, வரிசையாக நிற்கும் தகட்டு விரல்கள் தொட்டுத் தொட்டு விடும். ஒவ்வொரு விரலிலும் நீலப் பொறி. ரேடியோ அங்கே போனதும் அதே 'கர்... கர்...' பலமாகக் கேட்டது.

உருளையை நிறுத்த முடியாது. மயில் தோகை விரிக்காவிட்டால் ஊர்க்காரர்கள் எங்களை விரித்துவிடுவார்கள். அண்ணாச்சி அதைத் தொடவே இல்லை. மைக் வயர் போன பாதையைப் பார்த்தார். சீரியல் செட்டுக்குப் போகிற லைனோடு சேர்த்தே மூங்கிலில் கட்டியிருந்தார்கள். பிரித்துத் தனியாக இழுத்தோம். மைக் வயரின் ஷீல்டு ஆம்ப்ளிஃபயர் முனையில் விட்டுப்போயிருந்தது, பற்ற வைத்தோம். சத்தம் காதை வைத்துத் தேடினால்தான் கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. ஒரு கண்டன்சர்கூடப் போடவில்லை. இன்றைக்கும் என் கடையில் ஒரு பாக்கெட் ரேடியோ இருக்கிறது. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் மீட்டர்களை வைத்திருக்கிறேன். பொறி எங்கே என்று தேட அந்த ரேடியோவைத்தான் எடுக்கிறேன்.

டியூப்லைட் ஸ்டார்ட்டரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளை டப்பாவுக்குள் கண்ணாடிக் குமிழோடு ஒரு குட்டிக் கண்டன்சரும் இருக்கும். அது ஷார்ட்டானால் டியூப்பின் இரண்டு ஓரமும் சிவந்து எரியும், நடு எரியாது. கத்தரியால் அந்தக் கண்டன்சரை வெட்டிவிட்டால் டியூப் எரிந்துவிடும். எலெக்ட்ரீஷியன்கள் எல்லோருக்கும் தெரிந்த குறுக்கு வழி. அது எதற்காக இருந்தது என்பது பக்கத்து வீட்டு ரேடியோவுக்குத்தான் தெரியும். ஒரு தெருவில் வெட்டின ஸ்டார்ட்டர்கள் சில இருந்தால் போதும், மாலை ஆறு மணிக்கு எல்லா ரேடியோவும் பொரியும். கடைக்கு வரும் ரேடியோவில் பழுதே இருக்காது.

அந்தக் காலப் பெட்டிகளில் எனக்குப் பிடிக்காத வழக்கம் ஒன்று உண்டு. ஆன்-ஆஃப் சுவிட்சை வால்யூம் கண்ட்ரோலின் முதுகிலேயே ஒட்ட வைப்பது. திருகினால் 'டக்' என்று ஆன் ஆகும், மேலும் திருகினால் சத்தம் ஏறும். பார்க்க அழகு, ஒரு குமிழ் மிச்சம். ஆனால் 230 வோல்ட் மெயின் வயர் இரண்டும் பெட்டியின் பின்னாலிருந்து முன்பக்கம் வரை வந்து, வால்யூம் கண்ட்ரோலில் இருக்கிற சிக்னல் வயருக்கு அரை அங்குலத்தில் நிற்கும். ஈசிசி83 போன்ற முதல் வால்வின் கிரிட், பத்து லட்சம் ஓம் அளவு ரெசிஸ்டன்ஸில் தொங்குகிற ஒன்று. பக்கத்தில் யார் இருமினாலும் அதற்குக் கேட்கும். மெயின் வயர் அதற்குப் பக்கத்தில் நின்றால் சாதாரண நேரத்தில் ஹம், ஆஃப் பண்ணும்போது டப். இப்படிப்பட்ட பெட்டி வந்தால் நான் எதையும் அளந்து பார்ப்பதில்லை. சுவிட்சைப் பின்பக்கம் தனியாக வைத்து, மெயின் வயரை இரண்டு இழையாக முறுக்கி, சேசிஸின் மூலையோடு ஒட்ட ஓட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொண்டுபோய்விடுவேன். வால்யூம் கண்ட்ரோலின் முதுகுச் சுவிட்ச் சும்மா 'டக்' சொல்லிக்கொண்டு கிடக்கும். கூடவே ஈசிசி83இன் 2ஆம் 7ஆம் பின்களில், வயர் வந்து சேரும் இடத்திலேயே, 68 கிலோ ஓமில் ஒரு ரெசிஸ்டன்ஸைத் தொடரில் போடுவேன். பாட்டு அதைத் தாண்டிப் போகும், பொறியின் கூர்மையான சத்தம் அங்கேயே மழுங்கிவிடும். பின்னுக்கு ஒட்டி இருக்க வேண்டும். இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டால் அந்த இரண்டு அங்குல வயரே ஏரியல்.

இவ்வளவும் செய்த பிறகும் டப் மிச்சமிருந்தால்தான் கண்டன்சர். நான் சென்னைக்கு வந்து ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் வேலை பார்க்க ஆரம்பித்தபோது அங்கே நடைமுறை நேர் தலைகீழாக இருந்தது. ஆஃப் பண்ணினால் டப் என்று யாராவது வாயைத் திறந்தாலே, '0.1 ஒன்று போடு' என்பார்கள். 0.1 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் கண்டன்சர், நேராக சுவிட்சின் இரண்டு காலுக்கும் குறுக்கே. டப் அநேகமாகப் போய்விடும். வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார்.

அந்த 0.1 வானத்திலிருந்து விழுந்ததில்லை. சுவிட்ச் பொறிக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: சுவிட்ச் வழியாகப் போகும் ஆம்பியரை அதாலேயே பெருக்கி, பத்தால் வகுத்தால் வேண்டிய மைக்ரோஃபாரட். ஒரு ஆம்பியருக்கு 0.1. ஒரு ஜோடி ஈஎல்34 போட்ட ஆம்ப்ளிஃபயர் 230 வோல்ட்டில் ஒரு ஆம்பியருக்குள்தான் இழுக்கும். அதனால் 0.1 தாராளம். தப்பு அளவில் இல்லை, போட்ட விதத்தில் இருந்தது. மூன்று விதமாக.

கண்டன்சரைத் தனியாகப் போடக் கூடாது. சுவிட்ச் திறந்திருக்கும்போது அதில் மெயின் வோல்ட்டேஜின் உச்சம் வரை ஏறி நிற்கலாம். 230 வோல்ட் ஏசிக்கு அந்த உச்சம் 325. மறுபடி ஆன் பண்ணும்போது அவ்வளவும் தடையே இல்லாமல் பாயிண்டுகளின் மேல் கொட்டும். ஆஃப் பொறியை அடக்கப் போட்டது, ஆன் பொறியை உண்டாக்கிப் பாயிண்டைக் குழி பறிக்கும். சில சுவிட்சுகள் ஒட்டிக்கொண்டே போய்விடும். நூறு ஓம் ரெசிஸ்டன்ஸ் ஒன்றைத் தொடரில் வைத்தால் அந்தக் கொட்டல் மூன்றே கால் ஆம்பியருக்குமேல் போகாது. ஐம்பது பைசாச் சாமான் அது அப்போது.

அடுத்தது, இடம். ஒரு வழிபாட்டுத் தலத்திலிருந்து ஆம்ப்ளிஃபயர் வந்தது. ராத்திரி ஆஃப் பண்ணிவிட்டுப் போனார்களாம், காலையில் வந்து பார்த்தால் கொதிக்கிறதாம். சுவிட்சை எந்தப் பக்கம் தட்டினாலும் வால்வுகள் எரிகின்றன. சுவிட்ச் ஒட்டிக்கொண்டது என்று அவர்களே ஒரு புதுச் சுவிட்சும் வாங்கி வந்திருந்தார்கள். திறந்து பார்த்தேன். சுவிட்சுக்குக் குறுக்கே யாரோ போட்ட 0.1 உள்ளுக்குள் ஷார்ட்டாகி, சுவிட்ச் செய்ய வேண்டிய வேலையைத் தானே நிரந்தரமாகச் செய்துகொண்டிருந்தது. சுவிட்ச் புதுசு போல இருந்தது. அதிலிருந்து நான் சுவிட்சுக்குக் குறுக்கே போடுவதை விட்டுவிட்டேன். சுவிட்சையும் ஃபியூஸையும் தாண்டின பிறகு, டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிக்குக் குறுக்கே, 0.1உம் நூறு ஓமும் தொடரில். சுவிட்சின் காலிலேயே போடுவதுதான் பொறிக்கு இன்னும் சரியான மருந்து என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் இங்கே கண்டன்சர் ஷார்ட்டானால் ரெசிஸ்டன்ஸ் கருகும், இல்லாவிட்டால் ஃபியூஸ் போய் ஆம்ப்ளிஃபயர் நிற்கும். அங்கே ஷார்ட்டானால் ஆஃப் என்பதே கிடையாது.

ஷார்ட் ஆகாத நல்ல கண்டன்சர்கூட சுவிட்சுக்குக் குறுக்கே இருந்தால் கசியும். 0.1 மைக்ரோஃபாரட் வழியாக 230 வோல்ட், ஐம்பது சைக்கிளில் ஏழு மில்லி ஆம்பியர் போகும். வால்வு ஆம்ப்ளிஃபயரில் இது வெளியே தெரியாது, ஃபிலமெண்டுகள் அதை விழுங்கிவிடும். சின்ன டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப்பில் ஒருவர் இதே வைத்தியத்தைச் செய்துவிட்டு வந்தார். "சார், ஆஃப் பண்ணாலும் நியான் பல்பு மினுக்மினுக்குன்னு எரியுது, வீட்ல பயப்படறாங்க" என்றார். ஏழு மில்லி ஆம்பியரின் வேலை அது.

மூன்றாவதுதான் முக்கியம், கண்டன்சரின் ஜாதி. 400 வோல்ட் என்று எழுதியிருப்பது டிசிக்கு. மெயின் லைனில் 325 உச்சம் எப்போதும் இருக்கும். அதன்மேல் பக்கத்துப் பம்ப் செட் நின்றால் ஒரு முட்டு, கரண்ட் போய் வந்தால் ஒரு முட்டு, இடி இடித்தால் கேட்கவே வேண்டாம். சாதாரணக் கண்டன்சர் அங்கே பல வருஷம் தாங்கும், பிறகு ஒரு நாள் தாங்காது. போகும்போது சும்மா போகாது. மெயின் லைனுக்கென்றே எக்ஸ்2 என்று ஒரு வகை வந்தது. 275 வோல்ட் ஏசி என்று உடம்பிலேயே எழுதியிருக்கும், இரண்டரை ஆயிரம் வோல்ட் முட்டுகளைத் தாங்கச் சோதித்தது, தீப்பிடிக்காதபடி செய்தது. லைனிலிருந்து சேசிஸுக்குப் போடுவதானால் அதற்கும் மேலே ஒய் என்ற வகை. எக்ஸ்2 கிடைக்க ஆரம்பித்த பிறகு நான் வேறெதையும் மெயின் லைனில் வைத்ததில்லை. அந்த வகையிலும் பழைய ஐரோப்பிய உலோகக் காகிதச் சரக்கு ஒன்று உண்டு, தேன் நிறப் பிளாஸ்டிக் உடம்பு. வருஷம் ஆக ஆக உடம்பில் மயிரிழை விரிசல் விடும், நம் ஊர் ஈரம் உள்ளே போகும், ஒரு நாள் புகையால் அறையே நிறையும். வெளிநாட்டு டேப் ரெக்கார்டர்களில் நிறையப் பார்த்தேன். விரிசல் தெரிந்தால் வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டாம், பிடுங்கிவிடலாம்.

சினிமாத் தியேட்டர் வேலையும் கொஞ்சம் பார்த்தேன். கார்பன் குச்சி இரண்டை உரசிப் பிரித்து அந்த ஆர்க் வெளிச்சத்தில் படம் காட்டிய காலம். ரீல் மாற்றும் நேரத்தில் ஆபரேட்டர் அடுத்த மெஷினில் ஆர்க் பற்ற வைப்பார். அந்த உரசல் ஒலித்தலையின் போட்டோ செல் வயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குள் புகுந்து, திரையில் கதாநாயகி அழும்போது 'பட்பட்' என்று கேட்கும். ஆர்க்கையே வேலையாக வைத்திருக்கிற இடத்தில் பொறியை அடக்குவது எப்படி? ஆர்க் ரெக்டிஃபயரைத் தள்ளி வைத்து, அதற்குத் தனி எர்த் போட்டு, போட்டோ செல் வயரின் ஷீல்டைப் புதுப்பித்தோம். கொடையில் மயிலுக்குச் செய்ததேதான்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வால்வு செத்துக்கொண்டிருந்தது. மைக் செட்டுகள் டிரான்சிஸ்டருக்குப் போயின. அந்த நாட்களில் என்னிடம் வந்தவை பெரும்பாலும் மெல்லிசைக் குழுக்காரர்களின் கிட்டார் ஆம்ப்கள், வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்தவை. அவற்றில்தான் ஸ்டாண்ட்பை சுவிட்சைச் சந்தித்தேன். ஐம்பதுகளில் லியோ ஃபெண்டர் தன் ஆம்ப்களில் வைத்தது, பிறகு கிட்டார் ஆம்ப் என்றாலே அது இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. மெயின் சுவிட்ச் ஃபிலமெண்டுக்கு, ஸ்டாண்ட்பை உயர் வோல்ட்டேஜுக்கு.

அந்தச் சுவிட்சைத் தட்டினால் வருவது டப் அல்ல, வெடி. காரணம் சுலபம். மெயின் கரண்ட் ஏசி. நொடிக்கு ஐம்பது சுற்று, சுற்றுக்கு இரண்டு தடவை பூஜ்யம். சுவிட்சில் பொறி பற்றினாலும் அடுத்த பூஜ்யத்தில், நூறில் ஒரு நொடிக்குள், அதுவாகவே சாகும். இதனால்தான் மெயின் சுவிட்ச் டப் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. கரண்ட் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது கை தட்டினால் சத்தமே இல்லை, உச்சத்தில் தட்டினால் அடி. ஒரு தடவை ஆஃப் பண்ணிப் பார்த்துவிட்டு 'சரியாப் போச்சு' என்று கொடுத்தனுப்பினால் பெட்டி மறுநாளே திரும்பி வரும். நிறையத் தடவை தட்டிப் பார்க்க வேண்டும். ஸ்டாண்ட்பையில் ஓடுவதோ டிசி, நானூறு நானூற்றைம்பது வோல்ட். டிசிக்குப் பூஜ்யம் கிடையாது. பொறி பற்றினால் இடைவெளி போதுமான அளவு விரியும்வரை நின்று எரியும். அங்கே போட்டிருக்கிற சுவிட்சின் உடம்பில் '250 வோல்ட், 3 ஆம்பியர்' என்று எழுதியிருக்கும். அது ஏசிக்கு. அந்த மாதிரிச் சின்ன டாகிள் சுவிட்சுகளுக்கு டிசியில் முப்பது வோல்ட் அளவுக்குத்தான் தயாரித்தவர்களே பொறுப்பேற்கிறார்கள்.

ஸ்டாண்ட்பையை ரெக்டிஃபயர் வால்வுக்கும் முதல் ஃபில்டர் கண்டன்சருக்கும் நடுவே வைத்திருந்தால் இன்னும் மோசம். சூடேறி நிற்கும் ஜிஇசட்34இன் தலையில் காலிக் கண்டன்சரைத் திடீரென்று கட்டுகிறோம். உள்ளே மின்னல் அடிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த வால்வுக்கு முதல் கண்டன்சர் 60 மைக்ரோஃபாரடுக்கு மேல் போகக் கூடாது என்று அதைச் செய்தவர்களே போட்டிருக்கிறார்கள். ஹம் குறையட்டும் என்று 220ஐப் போட்டுக்கொண்டு வந்து, "வால்வு சரக்கே சரியில்ல சார்" என்பவர்கள் இன்றைக்கும் உண்டு.

ஸ்டாண்ட்பை வெடிக்கு நான் செய்வது, சுவிட்சின் குறுக்கே 100 கிலோ ஓம், ஐந்து வாட் ரெசிஸ்டன்ஸ். சுவிட்ச் திறந்திருக்கும்போதும் அதன் வழியாகக் கொஞ்சம் கரண்ட் போய்க் கண்டன்சர்கள் பாதி நிறைந்து நிற்கும். தட்டும்போது இரண்டு பக்கமும் வித்தியாசம் குறைவு, வெடியும் குறைவு. ஆனால் கேட்பவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுவேன்: வீட்டில் பாட்டுக் கேட்கிற ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்டாண்ட்பையே வேண்டாம். அது இல்லாவிட்டால் வால்வின் கேத்தோடு உரிந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். நாம் வைத்திருக்கிற வோல்ட்டேஜுக்கு அப்படி நடக்காது. எங்கள் மைக் செட் ஆம்ப்ளிஃபயர்களில் ஸ்டாண்ட்பை இருந்ததே இல்லை, 6எல்6கள் பல வருஷம் பாடின. ஃபிலமெண்டை மட்டும் மணிக்கணக்கில் எரியவிட்டு உயர் வோல்ட்டேஜைத் தராமல் வைத்திருப்பதுதான் கேத்தோடுக்குக் கெடுதல்.

அந்த வெளிநாட்டு ஆம்ப்களில் லைனிலிருந்து நேராகச் சேசிஸுக்கு 0.05 அளவில் ஒரு கண்டன்சர் வேறு இருக்கும், இரண்டு பின் பிளக் காலத்தில் ஹம் குறைக்க வைத்தது. அது கசிந்தால், கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாய் வைக்கிற பையனின் உதட்டில் சுருக்கென்று இழுக்கும். ஷார்ட்டானால் மெயின் கரண்ட் முழுவதும் கிட்டார் கம்பியில். அதை வெட்டி எறிந்துவிட்டு மூன்று பின் பிளக் போட்டு எர்த்தைச் சேசிஸில் முறுக்காமல் பல் வாஷர் வைத்து இறுக்குவது என் கடையில் கேட்காமலே நடக்கும் வேலை.

இப்போது வால்வு மறுபடி வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள் கிட் வாங்கித் தாங்களே கட்டுகிறார்கள். பழைய பொட்டி டிரான்ஸ்ஃபார்மர் போய் வளைய டிரான்ஸ்ஃபார்மர் வந்திருக்கிறது. ஹம் குறைவு, எடை குறைவு. ஆனால் அதன் இரும்பு வளையத்தில் ஓர் இடைவெளியும் கிடையாது. ஆன் பண்ணுகிற நேரம் தவறான நேரமாக இருந்தால் முதல் சுற்றிலேயே இரும்பு நிறைந்து கரண்ட் பல மடங்கு பாயும். அதோடு குளிர்ந்த ஃபிலமெண்டுகளும் சேர்ந்துகொள்ளும், சூட்டில் இருப்பதைவிட அவற்றின் தடை அப்போது பல மடங்கு குறைவு. 'ணங்' என்று டிரான்ஸ்ஃபார்மரே ஒரு குரல் கொடுக்கும், வீட்டு விளக்கு ஒரு கணம் மங்கும். அழகான நீல எல்இடி எரிகிற சின்னச் சுவிட்சுகளின் பாயிண்ட் ஒட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். இதற்குக் கண்டன்சர் மருந்தல்ல. என்டிசி என்ற கறுப்பு வில்லை ஒன்றைத் தொடரில் வைத்தால் குளிரில் தடுத்து, சூடேறியதும் வழி விடும். ஆஃப் பண்ணின உடனே மறுபடி ஆன் பண்ணினால் மட்டும் அது சூடாகவே இருக்கும், தடுக்காது. ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிக் கொடுத்தனுப்புவேன். பொறுக்காதவர்களுக்கு ரிலே போட்ட சாஃப்ட் ஸ்டார்ட்.

ஒரு பையன் சுவிட்ச், வேரிஸ்டர், இரண்டு கண்டன்சர், கடையில் வாங்கிய லைன் ஃபில்டர் எல்லாம் போட்டுவிட்டு, டப் போகவில்லை என்று வந்தான். மெயின் சுவிட்ச் முன்பக்கம், அதன் வயர் உள்ளீட்டு ஜாக்குக்குமேல் பாலம் போட்டுப் போகிறது. வயரை மாற்றி ஓட்டினேன், டப் போய்விட்டது. "அப்ப இதெல்லாம் வேஸ்ட்டா சார்?" என்றான். கழற்ற வேண்டாம் என்றேன், வேரிஸ்டர் இடி நாளில் உதவும்.

பரணில் அப்பாவோ தாத்தாவோ வைத்த வால்வு பெட்டி கிடக்கிறது என்று பலர் இப்போது எடுத்து வருகிறார்கள். எடுத்த உடனே பிளக்கில் செருகிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள், அதுதான் வருத்தம். தயவுசெய்து செருகாதீர்கள். மெயின் வயர் நுழையும் இடத்தில் மெழுகு பூசிய காகிதக் கண்டன்சர் எது இருந்தாலும் முதலில் வெட்டுங்கள். அந்த இடத்தில் ஏதாவது வேண்டுமென்றால் எக்ஸ்2, 275 வோல்ட் ஏசி என்று பார்த்து வாங்குங்கள், கூட நூறு ஓம், ஒரு வாட். முதல் தடவை நூறு வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்ட சீரிஸ் போர்டு வழியாகக் கரண்ட் கொடுங்கள். பல்பு பளிச்சென்று நின்றால் உள்ளே ஷார்ட், நிறுத்திவிடுங்கள். சரிபார்த்து முடித்தபின் பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கண்டன்சரில் நிற்கும் வோல்ட்டேஜை ஒரு ரெசிஸ்டன்ஸ் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டு அப்புறம் கையை உள்ளே விடுங்கள். சுவிட்ச் ஆஃபில் இருக்கிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம்.